மாடியில் வைஃபை எடுக்கவில்லை: வீட்டு நெட்வொர்க் அனுபவப் பகிர்வு

மாடி வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற சிக்கல் இது. கீழே ஹாலில் ஃபைபர் பெட்டி (ஓஎன்டி), 100 எம்பி பிளான். மாடி அறையில் 8 எம்பி வந்தாலே பெரிது. உடனே 200 எம்பி பிளானுக்கு மாறுகிறார்கள், மாடியில் அதே 8 தான். கான்கிரீட் தளமும் அதற்குள் பின்னிய கம்பியும் அலையைத் தின்றுவிடுகின்றன. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும், 2.4 ஓரளவு தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே இடத்தில் நெரிசலாக நிற்கும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை: லேப்டாப்பை ஓஎன்டியின் லேன் போர்ட்டில் நேராகக் கேபிளால் மாட்டி வேகம் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வீட்டுக்குள்தான். அங்கேயே 20 என்றால் பிரவுசரில் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ‘ஆர்எக்ஸ் பவர்’ (ஃபைபர் வழி வந்து சேரும் ஒளியின் வலு) எவ்வளவு என்று பாருங்கள். −15 முதல் −25 டிபிஎம் வரை நல்லது. −27ஐத் தாண்டிக் கீழே போனால் லைன் விட்டு விட்டு வரும், சிவப்பு விளக்கு எரியும். ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய ஃபைபர், ஆணியில் இறுக்கிச் சுற்றிய மஞ்சள் ஃபைபர் வயர், விரல் பட்டு அழுக்கான பச்சை கனெக்டர் முனை, இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஃபைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்க வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

*

மேலே சொன்ன சோதனைக்கு அடுத்தது கேபிள். மாடிக்கு ஒரே ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. உறையில் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருக்கலாம். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அது நான்கு முறை வளைத்தால் ஒடியும், கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமராவுக்குப் போட்டால் சூடாகும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

கிரிம்பிங் (கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துவது) செய்யும்போது கம்பி வரிசை (கனெக்டரின் கொக்கி கீழே, பொன்னிறப் பட்டைகள் மேலே, இடமிருந்து வலம்): வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறையும் கனெக்டருக்குள் போய் அழுந்த வேண்டும், இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் கம்பி கழன்றுவிடும்.

பலர் ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு என்று அடுக்கிவிடுகிறார்கள். விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரியும். டெஸ்டர் தொடர்ச்சியை மட்டும்தான் பார்க்கும். 3ஆவது, 6ஆவது இடத்துக் கம்பிகள் இரண்டும் ஒரே முறுக்கின் கம்பிகளாக இருக்க வேண்டும். அது பிரிந்தால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறி, நீளமான கேபிளில் வேகம் படுத்துவிடும்.

200 எம்பி பிளானில் சரியாக 94 எம்பியில் நின்றுவிடுகிறதா? எங்கோ 100 எம்பி இணைப்பாக விழுந்திருக்கிறது. கிகாபிட்டுக்கு (1000 எம்பி) எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு 1, 2, 3, 6 போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலே இப்படி ஆகும். ஓஎன்டியில் நான்கு போர்ட் இருந்தாலும் சில மாடல்களில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், அதையும் பாருங்கள்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இந்தக் கேபிளைத் திணிக்கவே கூடாது. தனிப் பைப். சுவரில் இணையாகப் போனால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே தாண்டினால் செங்குத்தாக. வெயில் படும் இடத்தில் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள்.

*

இனி மாடி ரூட்டர். பழைய ரூட்டரே போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. முதலில் அதை லேப்டாப்போடு மட்டும் தனியாக இணைத்து அமைப்பை மாற்றுங்கள். கீழே உள்ள ஓஎன்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், ஓஎன்டி 192.168.100.1 என்றால் 192.168.100.2. பிறகு டிஹெச்சிபியை (ஃபோன், டிவிக்கெல்லாம் முகவரி தரும் வசதி) அணைத்து, சேமித்து, ரீஸ்டார்ட். அப்புறம்தான் கேபிளை மாட்ட வேண்டும், அதுவும் வான் போர்ட்டில் (வெளி இணையம் உள்ளே வரும் போர்ட்) அல்ல, லேன் போர்ட்டில். ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ உள்ள ரூட்டரில் அந்த ஒரு தேர்வே இத்தனையையும் செய்துவிடும்.

வான் போர்ட்டில் மாட்டினால் நெட் வரும், அதனால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்திருக்கும்: மாடி ஃபோனுக்குக் கீழே உள்ள டிவி தெரியாது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இன்னும் மோசம். எந்தப் பெட்டி முந்திக்கொண்டு முகவரி தருகிறதோ அதைப் பொறுத்து, ஒரு ஃபோனில் நெட் வரும், பக்கத்து ஃபோனில் ‘இணைந்தது, இணையம் இல்லை’ என்று நிற்கும்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, சேனல் மட்டும் வேறு. 2.4இல் கீழே 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5இல் கீழே 36, மேலே 149. கீழிருந்து மேலே போனபின்னும் ஃபோன் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டிலும் ஒலிபரப்பு வலுவை ‘மீடியம்’ ஆக்குங்கள்.

கேபிளே இழுக்க முடியாத வாடகை வீடா? மெஷ் (ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசும் ரூட்டர் தொகுப்பு) வாங்குங்கள், ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள்; பாதி வழியில், இன்னும் நல்ல சிக்னல் வரும் படிக்கட்டுத் திருப்பத்தில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் மலிவு ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும்.

*

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் வரவில்லை என்பவர்கள், ஓஎன்டியில் வான் ஐபியைப் (கம்பெனி உங்கள் இணைப்புக்குத் தந்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி பகிரப்படுகிறது. எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) வாங்க வேண்டும், அல்லது டிவிஆரின் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) சொந்த ஆப் வழி பார்க்க வேண்டும். எதுவானாலும் டிவிஆரின் ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாமல் விடாதீர்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீய நிரல், மாற்றப்படாத அந்தப் பாஸ்வேர்டுகளை வைத்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது.

*

கரண்ட் போனால்? 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். ஆனால் ஓஎன்டி அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5ஆ, 2ஆ என்று பார்த்து, அதே அளவோ கூடுதலோ தருவதை வாங்குங்கள். மாடி ரூட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும்; சில ரூட்டர்கள் 9 வோல்ட், அதில் 12ஐச் சொருகினால் போயிற்று. இடி இடிக்கும்போது மாடியிலிருந்து வெளிச்சுவர் வழி வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள், பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

*

கடைசியாக ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறதே என்று ஓஎன்டியின் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விடாதீர்கள். விளக்கு அணையாது, உள்ளே இருந்த பிபிபிஓஇ (இணைய கம்பெனியில் உள்நுழையும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (கம்பெனி உங்கள் இணைப்பைப் பிரித்தறியப் பயன்படுத்தும் எண்) மூன்றும் அழிந்துவிடும். லைன் சரியான பிறகும் நெட் வராது. நன்றாக ஓடும்போதே வான் பக்கத்தைப் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும், அதை மட்டும் கனெக்ஷன் கொடுக்க வந்தவரிடம் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.