கோவையில் ஒரு பூஸ்ட், ஊட்டியில் ஒரு பூஸ்ட்: எந்த அளவை நம்புவது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய டர்போ பெட்ரோல் காரில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) ஹோஸ் எடுத்து, பூஸ்ட்டை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தத்தை, காட்டும் முள் வைத்த கேஜ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். காரின் கணினி தரும் அளவுகளைக் கைபேசியில் காட்டும் ஓபிடி செயலியிலும் பூஸ்ட்டைப் பார்ப்பதுண்டு. கோவையில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் ஊட்டியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபோது கேஜ் 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு; ஒரு பிஎஸ்ஐ சுமார் 6.9 கிலோபாஸ்கல்) காட்ட, செயலி பதினொன்றரையைத் தாண்டவில்லை. செயலியின் பதிவைப் பார்த்த மெக்கானிக், டர்போ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா?

மறுமொழி 1:
டர்போவில் கை வைக்க அவசரப்படாதீர்கள். காரில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு அளப்பது. முள் கேஜோ சுற்றியுள்ள காற்றைச் சுழியமாகக் கொண்டது. சென்சார் தரும் அளவிலிருந்து அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் கழித்தால்தான் பூஸ்ட் கிடைக்கும் என்றாலும், சில செயலிகள் எந்த ஊரானாலும் கடல்மட்டத்துக்குரிய 101.3 கிலோபாஸ்கலையே கழிக்கின்றன. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல்தான். மிகையாகக் கழிபட்ட 24 கிலோபாஸ்கல், அதாவது மூன்றரை பிஎஸ்ஐ, நீங்கள் கண்ட அதே வேறுபாடு. கோவையில் இந்தப் பிழை முக்கால் பிஎஸ்ஐகூட வராது என்பதால் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடுகிறது.

எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது மேப் அளவும் கைபேசியின் பாரோமீட்டர் தரும் நேரடி அளவும் ஒத்திருக்க வேண்டும். வானிலைச் செயலியின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டிருக்கும்.

மறுமொழி 2:
மேலே உள்ள கணக்கு சரியானது. ஆனால் கேஜையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மேனிஃபோல்டில் தனித் துளையிலிருந்து ஹோஸ் எடுத்தீர்களா, வேறு குழாயில் T வடிவ இணைப்பு போட்டுக் கிளை எடுத்தீர்களா? வேஸ்ட்கேட்டுக்கு (பூஸ்ட் மிகாமல் தடுக்கும் வால்வு) செல்லும் குழாய் என்றால், அதைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு எனும் மின்வால்வு அழுத்தத்தை வெளியேற்றுவதால் அளவு குறைந்து தெரியும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னால் என்றால் கூடுதலாகக் காட்டும்.

டீசல் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: ஓபிடியின் வழக்கமான மேப் அளவு ஒரே பைட்டில் வருவதால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறாது; அதில் 101.3 கழித்தால் சுமார் 22 பிஎஸ்ஐ. என் காரில் பூஸ்ட் 22 பிஎஸ்ஐயில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, எவ்வளவு துல்லியமான கட்டுப்பாடு என்று நான் மெச்சிய காலமும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஹோஸ் தனித் துளையிலிருந்துதான் வருகிறது. இன்று காலை வீட்டு வாசலில் எஞ்சினை ஓட்டாமல் பார்த்தேன்: மேப் 96 கிலோபாஸ்கல், கைபேசி 965 ஹெக்டோபாஸ்கல் (96.5 கிலோபாஸ்கல்), செயலியின் பூஸ்ட்டோ மைனஸ் 0.8 பிஎஸ்ஐ. கழிக்கும் எண்ணுக்குப் பதிலாகக் காரே தரும் பாரோமீட்டர் அளவை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பை மாற்றியதும் அது சுழியத்துக்கு வந்துவிட்டது. அடுத்த முறை ஊட்டி ஏறும்போது பதிவு எடுத்து இங்கே இடுகிறேன். அதுவரை டர்போ இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.