தொகைமூட்டு என்று வைத்துக்கொள்வோமா?

அன்பு நண்பர்களே,

நார்வேஜிய மொழிப் பாடத்தில், கூட்டுச்சொல்லை வரிக்கடைசியில் உடைப்பதைக் குறிக்க 'அசைப்பிரிப்பு' என்ற சொல் வந்திருக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அங்கே கூட்டுச்சொல்லை வரிக்கடைசியில் உடைக்கும்போது அசையைப் பார்ப்பதில்லை, இரண்டு சொல்லும் சேர்ந்த இடத்தைத்தான் பார்க்கிறார்கள். 'பீல்டேலர்' என்றால் கார் பாகங்கள்: பீல் கார், டேலர் பாகங்கள். அதே எழுத்துகளை 'பில்டெ', 'லேர்' என்று வெட்டினால் 'படம் சிரிக்கிறது' என்றாகிவிடும். நம் இலக்கணத்தில் வரும் செம்பொன்பதின்றொடி நினைவுக்கு வருகிறதல்லவா? செம்பொன் பதின்தொடியா (பத்துத் தொடி பொன்), செம்பு ஒன்பதின்தொடியா (ஒன்பது தொடி செம்பு) என்பது வெட்டும் இடத்தைப் பொறுத்தது.

அந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும். 'புணர்ச்சி' என்பது சொற்கள் சேரும் நிகழ்ச்சியின் பெயர், இடத்தின் பெயர் அல்ல. நான் சொல்வது 'தொகைமூட்டு'. தொகை என்றால் கூட்டுச்சொல். கைலியின் இரு முனைகளைச் சேர்த்துத் தைத்து மூட்டுகிறோம். உடுத்தினால் ஒரே துணி, உட்புறம் திருப்பினால் தையல் தெரியும். 'நட்டோக்' அப்படித்தான். நட் இரவு, டோக் ரயில். ரோமன் எழுத்தில் முதல் சொல்லின் கடைசியில் இரண்டு 'ட்', அடுத்ததன் தொடக்கத்தில் ஒன்று. சேர்த்து எழுதும்போது மூன்றில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மூட்டில் உடைத்து எழுதினால் விட்டுப்போன எழுத்து திரும்பி வந்துவிடுகிறது!

அப்புறம் அழுத்தம். 'லம்மெலோர்' ஒரே சொல்லாக வந்தால் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. முதல் அசையில் பேரழுத்தம், 'லோர்' மீது சிற்றழுத்தம். இரண்டையும் பிரித்து, இரண்டிலும் முழு அழுத்தம் கொடுத்தால் 'செயலிழந்த தொடைகள்'! 'எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய' (கூட்டுச்சொல் எல்லாம் ஒரே சொல்போல நடக்கும்) என்று தொல்காப்பியம் சொல்வதை இங்கே காதாலேயே கேட்கலாம். பேரழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில்தான் விழும், விலக்குகளும் உண்டு.

அழுத்தத்துக்கு நன்னூலின் 'எடுத்தல்' (குரலை உயர்த்துதல்) போதுமே என்று கேட்கலாம். வேண்டாம். நார்வேஜியத்தில் சுருதி வேறுபாடு தனியாக இருக்கிறது. ஒஸ்லோ பக்கம் விவசாயிகளும் 'பொன்னர்', அவரைகளும் 'பொன்னர்'. ஒலிகள் ஒன்றே, ராகம்தான் வேறு. எடுத்தல், படுத்தல் (குரலைத் தாழ்த்துதல்) இரண்டையும் அந்தச் சுருதிக்காக வைத்துக்கொள்வோம். ஒஸ்லோவில் மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அழுத்தமும் சுருதியும் குழம்பக்கூடாது.

இன்னொன்று. 'ஆர்பைட்ஸ்ப்லாஸ்' என்பதில் வேலைக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு 'ஸ்' வருகிறது. அதற்கு 'இணைப்பெழுத்து' என்று புதிதாக எதுவும் வேண்டாம், சொற்கள் சேரும்போது நடுவே வருவதைக் குறிக்கும் நம் இலக்கணச் சொல்லான சாரியையே அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. சரி, மூட்டு எங்கே? சாரியைக்குப் பின்னால்தான். வரியை உடைக்கும்போது அந்த 'ஸ்' முன்சொல்லோடே நின்றுவிடும்.