வாக்குக் கேட்டு வந்தவர்களும் எங்கள் ஆஸ்பத்திரிச் செலவும்

இலங்கையில் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் எங்கள் ஒழுங்கைக்கு வந்த நோட்டீஸ்களில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். தங்கள் அணி சபையைப் பிடித்தால் பிரதேச மக்களுக்கு வைத்தியம் முற்றாக இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கொண்டுவந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

"தம்பி, மந்திகை ஆஸ்பத்திரியில இப்ப காசு வாங்கீனமோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப எதை இலவசமாக்கப் போறியள்?"

வேட்பாளரோடு கதைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். பிறகு வரவில்லை.

அரச வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இலேயே நீங்கிவிட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977இல் அதையும் நிறுத்தினார்கள். அம்மம்மா காலத்திலிருந்து எங்களுக்கு இருக்கிற உரிமையை ஒருவர் தன்னுடைய பரிசு மாதிரி அச்சடித்துக் கொண்டுவந்தால் கோபம் வரத்தான் செய்யும். அதைவிட, பிரதேச சபைக்கு ஆஸ்பத்திரிகளில் அதிகாரமே இல்லை. யாழ் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ். மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை. பிரதேச சபையிடம் நாங்கள் கேட்கக்கூடியது ஆயுர்வேத மருந்தகம், வடிகால், குப்பை, நுளம்பு ஒழிப்பு. மாரியில் டெங்கு வருகிற ஊரில் இவை சின்ன விசயங்களா? நோட்டீஸில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, அது வெறும் வாக்குறுதி என்று விடலாம். என்னை உண்மையாகப் பயப்படுத்தியது அதே நாட்களில் வட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு குரல் பதிவு. மற்றக் கட்சி வென்றால் ஐஎம்எஃப் சொல்படி அரச ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கும் காசு அறவிடுவார்களாம், ஏற்கெனவே கொழும்பில் தொடங்கிவிட்டதாம். யார் பேசுகிறார், எந்த வர்த்தமானி, எந்தத் திகதி, ஒன்றும் இல்லை. ஆனால் முழுப்பொய்யைவிட இது பொல்லாதது. ஏனென்றால் கொழும்புப் பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை அரசுடையதாக இருந்தும் கட்டணம் வாங்குகிறது. இன்று நேற்றல்ல, நெடுங்காலமாக. அந்த ஒரு உண்மையில் மிச்சக் கதையை ஒட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி அதை நம்பிவிட்டா. பிறஷர், சலரோகம் இரண்டும் உள்ளவ. கையில் காசில்லாத மாதம், கிளினிக் திகதி வந்தும் போகவில்லை. கொப்பியைக் காட்டினால் காசு கேட்பார்களோ என்ற வெட்கத்தில் மகளுக்கும் சொல்லவில்லை. குளிசை முடிந்து, தலைச்சுற்று வந்து விழுந்த பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. நல்ல காலம், கையில் ஒரு வெடிப்போடு தப்பினா. அந்தப் பதிவைப் பேசி அனுப்பியவருக்கு இப்படி ஒரு மாமி இருப்பது தெரியவே வராது.

அப்புறம் மருந்து விலை. சந்தியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேச்சாளர் இரண்டு மருந்துப் பெட்டிகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்று பழைய விலை, மற்றது இன்றைய விலை, எல்லாம் இந்த அரசாங்கத்தின் வேலை என்றார். முன்வரிசையில் நின்றதால் பெட்டிகளை வாசிக்க முடிந்தது. மருந்து ஒன்றுதான், கம்பனி வேறு வேறு. எங்களுக்குத் தெரிந்த பாமசிக்காரத் தம்பியிடம் கேட்டேன். கம்பனி மாறினாலே விலை நன்றாக மாறும், மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் விசாரியுங்கள் என்றார். விலை ஏறியது பொய்யில்லை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது, எங்கள் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. பெட்டியைத் தூக்கியவர் 2022 என்ற சொல்லையே எடுக்கவில்லை.

வைத்தியசாலைகளின் குறைகள் தேர்தலில் பேசப்படுவதை நான் வரவேற்கிறேன். 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆஸ்பத்திரிப் பிரச்சினைக்காகச் சனம் தெருவில் இறங்கியது. அங்கு பதில் அத்தியட்சகராக இருந்த இராமநாதன் அர்ச்சுனா அதே ஆண்டு நவம்பரில் சுயேச்சையாகப் பாராளுமன்றம் போனார். ஆஸ்பத்திரி எங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் எங்கள் பணம் எங்கே போகிறது என்று என்னிடம் வாக்குக் கேட்டு வந்த ஒருவரும் கேட்கவில்லை. டொக்டருக்குக் காசில்லை, கட்டிலுக்குக் காசில்லை. உள்ளே இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் தருகிற துண்டுக்குத்தான் காசு. வரிசை நீளம் என்று பிரைவேட்டில் எடுக்கிற ஸ்கானுக்குக் காசு. நெடுந்தீவிலிருந்து வருகிறவர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் சேர வேண்டும். கூட வருகிற மகனுக்கு அன்றைய கூலி இல்லை. இந்தச் செலவை யார், எந்த அதிகாரத்தை வைத்துக் குறைப்பார்கள் என்று சொல்கிற நோட்டீஸ் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

உங்கள் ஊரில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டீஸ் கையில் இருந்தால் திகதி தெரிய ஒரு படமும் போடுங்கள்.