வால்வு ரெக்கோட் பிளேயரில் இரைச்சல்: கோளாறைக் கண்டுபிடித்தவர்கள் சொல்லுங்கோ

மாங்குளத்தான்:
லண்டனில் இருந்த பெரியப்பாவின் ரெக்கோட் பிளேயர் சாமான் பெட்டியோடு கப்பலில் வந்து சேர்ந்தது. 1960களில் செய்தது. இரண்டே வால்வு (உள்ளே சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்): ஏசியை டிசியாக்க ஈசெட் 80, பாட்டைப் பெருக்க ஈசிஎல் 82. அங்கும் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இங்கும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் தட்டு சரியான வேகத்தில்தான் சுற்றியது. ஆனால் வால்வு சூடேறச் சூடேற, போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ஒரு இரைச்சல். மெதுவான பாட்டு என்றால் கேட்கவே முடியாது.

யாரிடம் கேட்டாலும் "கண்டென்சரை மாத்து" என்பார்கள், டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் சாமானைத்தான். பெரும்பாலும் சரிதான். ஆனாலும் சோல்டரைச் சூடாக்குமுன் வொலியூம் குமிழைத் திருகிப் பார்ப்பது நல்லது. குமிழ் பூச்சியத்தில் நிற்கும்போதும் இரைந்தால் கோளாறு குமிழுக்குப் பிறகு, அதாவது பவர் பக்கம் அல்லது கடைசி வால்வு. குமிழோடு கூடிக் குறைந்தால் கோளாறு அதற்கு முன்னால், முள்ளில் இருந்து வரும் வயரில். என்னுடையதில் இரண்டுமே இருந்தது. அதனால்தான் ஒன்றைத் திருத்தியும் முழுதாக அடங்கவில்லை.

அடுத்தது சுருதி. போனில் தொனி எழுப்பும் ஆப் ஒன்றில் 100 ஹேர்ட்ஸ் வைத்து ஸ்பீக்கரோடு ஒப்பிட்டேன். அச்சொட்டாகப் பொருந்தியது. ஈசெட் 80 மின்னலையின் இரண்டு பாதியையும் எடுத்துக்கொள்வதால், கண்டென்சர் காய்ந்தால் வருவது 50 அல்ல, 100. கழற்றிப் பார்த்தால் அலுமினிய டின்னின் அடியில் வெள்ளையாகப் பூத்து, ரப்பர் மூடி வெடித்திருந்தது. 32-உம் 32-உம் மைக்ரோஃபரட், 350 வோல்ட். டின்னின் வயர்களைக் கழற்றிவிட்டு, அதை அழகுக்கு அப்படியே விட்டு, சேசிக்கு (எல்லாம் பூட்டியிருக்கும் உலோகத் தட்டுக்கு) கீழே 33 மைக்ரோஃபரட் 450 வோல்ட் இரண்டைப் பூட்டினேன். "கூடப் போட்டால் இன்னும் அடங்கும்" என்று 100, 220 போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். ஈசெட் 80க்குப் பின்னால் முதலில் வரும் கண்டென்சர் 50ஐத் தாண்டக் கூடாது, வால்வு போய்விடும்.

கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம் தடையி ஒன்றைக் கண்டென்சரின் இரண்டு முனைக்கும் இடையில் பிடித்து இறக்கி, மீட்டரில் பூச்சியம் கண்ட பிறகுதான் விரலை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூட்ரைவரால் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

மிச்ச இரைச்சல் முள் பூட்டியிருக்கும் கையின் வயரில். கை திரும்பும் இடத்தில் வளைந்து வளைந்து, வயரைச் சுற்றியிருந்த பின்னல் கவசம் அறுந்திருந்தது. கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அதிர்வைப் படிகத்தால் மின்சாரமாக்கும் தலை) என்றால் அந்த வயர் வெறும் ஏரியல் போலத்தான், பக்கத்தில் ஓடும் மெயின்ஸ் எல்லாவற்றையும் இழுக்கும். புதுக் கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் சேசியோடு பிடித்தேன். இப்போது ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. அது கிடக்கட்டும்.

புதுக்குடியிருப்பு வயரிங்:
அண்ணை, நான் உங்களைப் போலக் கண்டென்சர் எல்லாம் மாற்றிக் கொடுத்த செட் ஒன்று, வாடிக்கையாளர் வீட்டில் திரும்பவும் இரைந்தது. என் கடையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் வீடு முழுக்க சோலார், அதுவும் மலிவான இன்வேர்ட்டர். அதில் வருவது வழவழப்பான அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. ட்ரான்ஸ்போமரே கிர்ர் என்று அதிர்கிறது. இரைச்சலும் "ம்ம்" இல்லை, "ஸ்ஸ்ர்ர்" என்று கரகரப்பு. மின்சார சபை லைனில் செருகியதும் அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் 2022 மின்வெட்டுக்குப் பிறகு இன்வேர்ட்டர் வாங்கிய வீடுகள் பல, அதனால் செட்டைக் கழற்றுமுன் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கோ. ஃபேன் ரெகுலேட்டரையும் மலிவு எல்இடி பல்பையும் ஒருக்கா நிறுத்திப் பார்க்கலாம்.

முள்ளியவளை மூத்தவன்:
தம்பிமார், ஒன்றை மறந்துவிட்டீர்கள். எல்லா செட்டிலும் ட்ரான்ஸ்போமர் இருக்காது. யூசிஎல் 82, யூவை 85 என்று வால்வில் எழுதியிருந்தால் கவனம். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாம் தொடராகக் கட்டி, மெயின்ஸின் ஒரு வயர் நேரே சேசிக்கு வந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசி முழுக்க 230 வோல்ட். இரைச்சலுக்கு "ஏர்த் அடியுங்கோ" என்று யாராவது சொன்னால் அந்த செட்டில் செய்யவே கூடாது. அதில் வேலை செய்ய மெயின்ஸில் இருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். அதோடு அந்த செட் பாதி அலைதான் எடுக்கும், ஆகவே அங்கே கண்டென்சர் இரைச்சல் 50 ஹேர்ட்ஸில் வரும்.

நான் இளவயதில் கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் ஒருவரோடு திரிந்தவன். கரண்ட் இல்லாத ஊர்களில் ஜெனரேட்டர்தான். அது தளர்ந்தால் மோட்டரும் தளரும், பாடகரின் குரல் கட்டையாகும். யாராவது லைற் கூடப் போட்டால் பாட்டும் இறங்கும், பின்னால் நிற்கும் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். அப்போது யாரும் இரைச்சலைப் பற்றிக் கதைத்ததில்லை, பாட்டு நின்றால்தான் சத்தம் போடுவார்கள்!

நெடுங்கேணிப் பிள்ளை:
ஐயா, என்னுடையதில் தட்டு சுற்றும்போது மட்டும் உறுமுகிறது. கண்டென்சர் புதுசு. எங்கே பார்க்க?

மாங்குளத்தான்:
மோட்டர் ஓட விட்டு, முள்ளைத் தட்டில் வைக்காமல் தூக்கிப் பிடியுங்கள். உறுமல் நின்றால் அது மின்சார இரைச்சல் இல்லை. மோட்டரைத் தாங்கும் ரப்பர் வெக்கையில் கல்லாகி, அதிர்வு முள் வழியாக ஏறுகிறது. ரப்பரை மாற்றினால் போதும். தூக்கியும் நிற்கவில்லை என்றால் மோட்டரின் காந்தம் வயருக்குள் பாய்கிறது. வயரை மோட்டரில் இருந்து தள்ளி வேறு பக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள், கூடிக் குறைவதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று எனக்கும் தெரிய வேண்டும். 33 மைக்ரோஃபரட் 450 வோல்ட் வவுனியாவில் யாரிடமாவது இருக்கிறதா? கிளிநொச்சியில் பழுதான சீஎஃப்எல் பல்பில் கழற்றியதைத்தான் நீட்டுகிறார்கள், அது 10ஐக் கூடத் தாண்டுவதில்லை.