நம்ம வீட்டு குரூப்: கார்த்தியோட இஸ்தான்புல் டைல்ஸ்

கார்த்தி: சித்தி, ருஸ்தம் பாஷா மசூதி வந்துட்டேன். மசாலா பஜார் பக்கத்துலயேதான், கீழ பூரா கடை, படி ஏறுனா மேல மசூதி. தரைலேந்து சுவர் முழுக்க டைல்ஸ். படம் அனுப்புறேன் பாருங்க

வாணி: யப்பா, என்னா நீலம்!!

செல்வி சித்தி: நீலத்தோட நின்னுடாதீங்க, சிவப்பப் பாருங்க. கார்த்தி, வெளிச்சம் பக்கவாட்டுல விழுற எடமா பாத்து நில்லு, துலிப் இதழ்ல சிவப்பு மட்டும் லேசா மேடா தெரியும்

கார்த்தி: ஆமா சித்தி!! புடைச்சுட்டு நிக்குது, நீலம் பச்சை எல்லாம் சமமா இருக்கு

செல்வி சித்தி: நீலம் கோபால்ட்டுல வர்றது, டர்க்காய்ஸ், அதான் பச்சை கலந்த நீலம், செம்புல. சிவப்புக்கு இரும்பு கலந்த களிமண்ணக் குழைச்சு கெட்டியா அப்பணும், மெலிசா போட்டா சூளைல பழுப்படிச்சிடும். இந்தச் சிவப்பு 1550கள்ல அதே ஊரு சுலைமானியே மசூதி டைல்ஸ்ல வந்துச்சு, 1600க்கு அப்புறம் மங்கிப் போச்சு, விலைவாசி ஏறுது ஆனா டைலுக்கு அரண்மனை குடுக்குற விலை மட்டும் ஏறல, தொழில் நொடிச்சிடுச்சு. இவ்ளோ நல்ல சிவப்பு ஒரு அம்பது வருஷம்தான்டா இருந்துச்சு, எனக்கு அத நெனச்சாலே மனசு கேக்காது

ராஜு மாமா: இதெல்லாம் அங்கயே சுட்டதா செல்வி?

செல்வி சித்தி: இல்லண்ணா, இஸ்னிக்னு ஒரு ஊரு, மர்மரா கடலுக்குத் தென்கிழக்க. டிசைன் அரண்மனை ஓவியருங்க பேப்பர்ல வரைஞ்சு குடுப்பாங்க, கோட்டு மேல ஊசியால குத்தி, டைல்ல வச்சு கரித்தூள் தட்டுனா புள்ளி விழும், அதச் சேத்து கோடு இழுத்து உள்ள கலர்

வாணி: ஆரி ஒர்க்குக்கு பிளவுஸ்ல டிசைன் எடுக்குற மாதிரியே இருக்கே சித்தி!

செல்வி சித்தி: அதே முறைதான்டி. துலிப், கார்னேஷன், ரோஜா, ஹயசிந்த் எல்லாம் தோட்டத்துல இருக்குற மாதிரியே வரைஞ்சது காரா மெமினு சுல்தான் சுலைமான் காலத்து அரண்மனை ஓவியர் கொண்டு வந்த பாணி. அதுக்கு முன்னாடி ஷாகுலுனு இன்னொரு அரண்மனை ஓவியரோட பாணி, நீளமா வளைஞ்ச ரம்பப்பல் இலை. அது பாக்கணும்னா டோப்காபி அரண்மனைக்குப் போ, சுன்னத் அறை வெளிச்சுவர்ல பெரிய பேனல் இருக்கும், சிவப்பே கிடையாது, நீலமும் டர்க்காய்ஸும்தான், இலைக்கு நடுவுல பறவை, கீழ மான் மாதிரி மிருகம். ஒவ்வொண்ணும் நாலடி உயரம், அத்தனையும் ஒரே துண்டு, சூளைல வளையாம வெடிக்காம எப்படித்தான் எடுத்தாங்களோ

கார்த்தி: நாளைக்கு காலைல அங்கதான் சித்தி

செல்வி சித்தி: அந்த இலைய மட்டும் கிட்டப் போயி எடு, நரம்பு தெரியணும்