அடிப்படை நர்சிங்: கை எங்கே தடுமாறுகிறது?

தொழிற்கல்வி நர்சிங்கில் சேர்ந்த புதிதில் படிகளை மனப்பாடம் செய்வது பெரிய காரியமில்லை, இரண்டே நாளில் வாயில் வந்துவிடும். டெமோ அறையில் கை வராததுதான் தொல்லை. எந்தச் செய்முறையில் எந்த இடத்தில் தப்பாகிறது, ஏன் ஆகிறது என்று பழகியவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலை மட்டும் போதும்.

*

கை கழுவுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதைத்தான் யாரும் சட்டை செய்வதில்லை. ஆல்கஹால் தேய்ப்பான் (கையில் ஊற்றித் தேய்க்கும் ஹேண்ட் ரப்) என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்த வேலைக்கு 40 முதல் 60 விநாடி. விட்டுப்போகும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றே: கட்டைவிரலின் அடிப்பாகம், விரல் நுனிகள், விரல் இடுக்கு. உள்ளங்கையை எல்லோரும் ஆசையாகத் தேய்ப்பார்கள், அது ஏற்கெனவே சுத்தமாகியிருக்கும். விரல் நுனியை எதிர் உள்ளங்கையில் குவித்துச் சுழற்றித் தேய்க்கிற படி ஒன்று இருக்கிறது, அதை விட்டால் நகத்தடியில் இருப்பது அப்படியே நிற்கும்.

கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ ரத்தமோ இருந்தால் தேய்ப்பான் உதவாது, குழாய்க்குத்தான் போக வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் வகை வயிற்றுப்போக்குள்ள நோயாளியிடமும் அதே கதை. அந்தக் கிருமியின் ஸ்போர்களை (கெட்டி ஓடு கொண்ட உறங்குநிலை வடிவத்தை) ஆல்கஹால் கொல்லாது, தண்ணீரில் உரசிக் கழுவித்தான் இறக்க வேண்டும். கழுவி முடித்த கையால் குழாயை மூடுவது இன்னொரு வழக்கமான பிழை. துடைத்த காகிதத்தாலேயே திருகி மூடுங்கள்.

*

பிபி பற்றி விரிவாக எழுதுகிறேன், அதிக மார்க் போவது அங்கேதான்.

முதலில் கஃப், அதாவது கையில் சுற்றும் பட்டை. உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். அதற்கும் கீழே இறக்கிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பின் தலையைக் கஃபுக்குள் செருகுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் காற்று இறங்கும்போது உரசல் சத்தம்தான் கேட்கும், நாடிச் சத்தம் கேட்காது.

நோயாளி 5 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது, பேச்சும் கூடாது. கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு ஏறிக் காட்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கையில் கஃப் கட்டவே கூடாது.

அடுத்து, நேராக ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காதீர்கள். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை ஏற்றுங்கள். நாடி எந்த எண்ணில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொண்டு காற்றை முழுதாக இறக்குங்கள். அரை நிமிடமாவது விட்டு, குறித்த எண்ணைவிட 20 முதல் 30 கூடுதலாக ஏற்றி இப்போது கேளுங்கள். இந்த இரட்டை வேலை எதற்கு என்றால், சிலருக்கு நடுவில் சத்தம் சற்று மறைந்து பிறகு திரும்ப வரும். உண்மையான மேல் அளவு 190 என்று வைத்துக்கொள்வோம், 170-ல் சத்தம் மறைந்து 150-ல் திரும்புகிறது. நீங்கள் குத்துமதிப்பாக 160 வரை மட்டும் ஏற்றியிருந்தால் 150 என்று எழுதிவிடுவீர்கள், நோயாளி 190-ல் இருப்பார்.

இறக்கும் வேகம் விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. கை வராத இடம் இதுதான். வால்வை வலுவாகத் திருகி மூடிவிட்டால், திறக்கும்போது அது இறுகி நின்று சடாரென்று விடும், முள் ஒரே ஓட்டமாக ஓடும். மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் வருவது அதனால்தான். காற்றடிக்கும் ரப்பர் பல்பை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வால்வின்மேல் இருக்கும்படி பிடியுங்கள். காற்று கசியாத அளவுக்கு மட்டும் மூடுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். யார் கையிலும் கட்டாமல், சுருட்டிய துண்டின்மேல் கஃபைச் சுற்றி இதை மட்டும் ஐம்பது தடவை செய்தால் கை படிந்துவிடும்.

இன்னொன்று. டயலில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 125 என்று எழுதினால், அளவு டயலில் இருந்து வரவில்லை என்று பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

*

பிபி சொன்னவர் நாடியை விட்டுவிட்டார். மூன்று விரல் வையுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பே உங்களை ஏமாற்றும். சீராக இருந்தால் 30 விநாடி எண்ணி இரட்டிக்கலாம். சீரில்லை என்றால் முழு நிமிடம்.

மூச்சு எண்ணுவதை நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவரே மூச்சை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார். நாடி பார்த்த விரலை எடுக்காமலேயே கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்றுங்கள், நாடிதான் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். பெரியவர்களுக்கு 12 முதல் 20. சார்ட்டில் வரிசையாக எல்லோருக்கும் 18, 18, 18 என்று இருந்தால் அந்த வார்டில் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

*

படுக்கை போடுவதை ஏளனமாக நினைக்கிறார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் நின்றால், அசைய முடியாதவரின் முதுகில் அது கோடாகப் பதியும், அங்கே புண் ஆரம்பிக்கும். மூலையை 45 டிகிரி மடிப்பாக மெத்தைக்கடியில் செருகுவது அழகுக்காக இல்லை, இழுத்தாலும் அவிழாமல் இருக்கத்தான். கால்மாட்டில் மேல் விரிப்பில் ஒரு மடிப்பு தளர்த்தி விடுங்கள். இறுக்கிவிட்டால் பாதம் நாள்முழுக்கக் கீழ்நோக்கி அழுந்திக் கிடக்கும். கழற்றிய விரிப்பை உதறாதீர்கள், தரையில் போடாதீர்கள், யூனிஃபார்மோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பக்கம் திருப்புவது பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லித்தருவார்கள். முழுக்க ஒருக்களித்து 90 டிகிரியில் வைத்தால் எடை இடுப்பெலும்பின் மேட்டில் விழும். 30 டிகிரி சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள். கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கட்டும். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுப்பது பெரிய தவறு. தோல் விரிப்போடு நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும், இடையில் ரத்தக்குழாய் நசுங்கும். தோளிலிருந்து தொடை வரை ட்ரா ஷீட் (நோயாளியின் அடியில் போட்டு நகர்த்தும் குறுக்கு விரிப்பு) போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று எண்ணிக்கை சொல்லி நகர்த்துங்கள். அதற்குமுன் கட்டிலின் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, உயரத்தை உங்கள் இடுப்புக்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் நோயாளிக்கு முன்னால் உங்கள் முதுகு போய்விடும்.

சிவந்த இடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை, உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, ஏற்கெனவே அடிபட்ட திசு அது.

*

ஸ்டெரைல் கிளவுஸ் (கிருமி நீக்கிய கையுறை) போடுவது எழுதலாமே என்று கேட்டிருந்தார்கள்.

பாக்கெட்டை இடுப்புக்கு மேல் உயரத்தில், ஈரமில்லாத மேசையில் விரியுங்கள். மணிக்கட்டுப் பகுதி வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பின் வெளியே தெரிகிற பக்கம் உங்கள் தோல் படப்போகிற பக்கம், அதை மட்டும் வெறுங்கையால் தொடலாம். வலக்கைக்காரர் என்றால் இடக்கை விரல்களால் மடிப்பைப் பிடித்து வலக்கையில் ஏற்றுங்கள். இப்போது கிளவுஸ் போட்ட வலக்கையின் நான்கு விரலை அடுத்த கிளவுஸின் மடிப்புக்கு அடியில் நுழையுங்கள். அந்த வலக் கட்டைவிரல் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் முழுப் பரீட்சையும். பழக்கதோஷத்தில் அது மடங்கி வந்து, இடது மணிக்கட்டின் வெறும் தோலைத் தொட்டுவிடும். கட்டைவிரலைப் பின்னால் விறைப்பாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே ஏற்றுங்கள்.

போட்ட பிறகு இரண்டு கையும் இடுப்புக்கு மேலே, கண் பார்வையில் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கை தானாகப் போகும், அதற்குத்தான் போடும் முன்பே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளச் சொல்வது. விரித்த ஸ்டெரைல் துணியின் ஓரத்தில் 2.5 செ.மீ. அசுத்தம் என்றே கணக்கு. பட்டதா படவில்லையா என்று சந்தேகம் வந்தால் பட்டது என்று வைத்துக்கொண்டு புது ஜோடி கேளுங்கள். டெமோவில் அப்படிக் கேட்பவருக்கு நல்ல பரிசோதகர் மார்க் குறைக்க மாட்டார்.

*

ட்ரிப் ஏற்றும் வேகக் கணக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கு: மொத்த மி.லி. × செட்டின் (ட்ரிப் குழாயின்) சொட்டு எண், அதாவது ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு ÷ நிமிடம். 500 மி.லி., 4 மணி நேரம், 20 சொட்டு செட் என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 42. மணியை நிமிடமாக்க மறப்பதுதான் பாதிப் பேரின் பிழை. செட்டின் சொட்டு எண் அதன் உறையிலேயே இருக்கும், பார்க்காமல் 20 என்று எடுக்காதீர்கள். 60 சொட்டு மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே வேண்டாம். ட்ரிப் சேம்பர் (சொட்டு விழும் சிறு குடுவை) பாதி நிறைந்திருக்கட்டும். முழுக்க நிறைந்தால் சொட்டை எண்ண முடியாது, காலியானால் குழாய்க்குள் காற்று போகும். நோயாளி முழங்கையை மடக்கினாலே வேகம் மாறும் என்பதால், ஒருமுறை வைத்துவிட்டுப் போனால் போதாது.

இன்சுலினில் மட்டும் பயந்தே இருங்கள். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) 40 சிரிஞ்ச், மி.லி.க்கு 100 யூனிட் உள்ள வயலுக்கு 100 சிரிஞ்ச். 100 வயலிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அது அரை மி.லி., உள்ளே போவது 50 யூனிட். கலங்கலான வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டுங்கள். தெளிவானதும் கலங்கலானதும் ஒரே சிரிஞ்சில் என்றால் முதலில் தெளிவானதை எடுங்கள்.

*

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது பற்றிப் பழைய குறிப்புகளில் ஒன்று இன்னும் சுற்றுகிறது: காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்பது. நம்பாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. உணவு கொடுக்கும்போது தலைமாடு 30 முதல் 45 டிகிரி.

*

போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பயன்படுத்திய ஊசி போடும் டப்பாவைப் படுக்கையருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் மூடவேண்டிய தேவையே வராது. டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றிவிடுங்கள், திணிக்கும்போதுதான் குத்தும்.

சார்ட்டில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை வேண்டாம். ஒரே கோடு, கீழே உள்ளது படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் நேரமும் கையெழுத்தும்.