வாஸ்கோ ட காமாவின் மாலுமி கட்ச்காரரா?

உப்புக்காற்று:
போன டிசம்பரில் கட்ச் போயிருந்தோம். மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்னும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் அடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். "காமாவுக்கு வழி காட்டியது எங்கள் ஊர் கான்ஜி மாலம்" என்று ஆட்டோக்காரர் அடித்துச் சொன்னார். அது அரபு மாலுமி அகமது இப்னு மஜீத் இல்லையா? அப்புறம், இவர்களிடம் வரைபடம் இருந்ததா, எல்லாம் மனப்பாடம்தானா?

பழைய நங்கூரம்:
ஆட்டோக்காரர் பாதி சரி. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் 1552-ல் எழுதிய பெயர் 'மலேமோ கனா', குஜராத்தி முஸ்லிம். இன்னொரு போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் காஸ்தன்யேடா 'கனகா' என்கிறார். மலேமோ என்பது மாலம்தான், அங்கே கப்பலுக்கு வழி சொல்பவர். அரபியில் முஅல்லிம், நம் மாலுமியும் அதிலிருந்து வந்ததுதான். கனகா என்றால் நம் கணியன் மாதிரி, கணித்துச் சொல்பவர். ஆக, நம்மிடம் இருப்பது அந்த மனிதரின் வேலை, பெயர் இல்லை. கான்ஜி பின்னால் ஒட்டவைத்தது என்பது என் எண்ணம்.

படம் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் மலிந்தியில் அந்த மாலம் இந்தியக் கரை முழுவதையும் விரித்துக் காட்டினார், நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் என்று பாரோஸே சொல்கிறார். சூரியன், நட்சத்திர உயரத்தை அளக்கும் தன் அஸ்ட்ரோலேப் கருவியைக் காமா காட்டினால், மனிதர் அசரவே இல்லை! 1498 ஏப்ரல் 24 கிளம்பி மே 20 கள்ளிக்கோட்டை.

1664 தேதியிட்ட குஜராத்தி மாலுமி ஏடு ஒன்று டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்ச் மாலுமிகளின் செங்கடல் படம் ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் மூலம் 1835 வாக்கில் லண்டன் போய்விட்டது.

மொட்டைமாடி:
திசை சரி. எவ்வளவு தெற்கே வந்தோம் என்று எப்படித் தெரியும்?

பழைய நங்கூரம்:
சின்ன மரப்பலகை, நடுவில் கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்கப் பலகையை நீட்டுங்கள். கீழ் விளிம்பு தொடுவானத்தில், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தில். துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. அளவு விரல் கணக்கு, ஒரு விரல் சுமார் 1.6 பாகை. மாண்ட்வியில் துருவம் 22 பாகைக்கு மேல் நிற்கும், கள்ளிக்கோட்டையில் 11தான். பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டால் கிழக்கே திருப்ப வேண்டியதுதான். அட்டையும் சணலும் வைத்து நானே பார்த்தேன். பல்லில் சணல் நார் சிக்கியதுதான் மிச்சம்.

உப்புக்காற்று:
நன்றி ஐயா. கான்ஜி என்பது பெயரே இல்லை என்று அந்த ஆட்டோவில் உட்கார்ந்து சொல்லமாட்டேன், நடுவழியில் இறக்கிவிட்டுவிடுவார்.